அம்மாவுக்குப் பல் வலி

அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி, அவன் சாலையைக் கடந்தான். நடைபாதையில் நின்ற ஒரு பெண்மணி தன் மகனின் முதுகில் ஒன்று வைத்து, "பாத்துக்கோ, அதுதான் பிள்ளை!" என்றாள்.

பிள்ளைதான். பெற்ற தாயை மீன் காட்சியகத்தில் அடைத்துவிட்டு, அந்தக் கையோடு திருட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் புறப்பட்ட பிள்ளை.

வயது முப்பத்திரண்டு, வங்கியில் வேலை. வருகிறவர்களை எல்லாம் "நாளைக்கு வாங்க" என்று விரட்டுகிற அந்த வீரம் வீட்டு வாசலோடு சரி. அம்மா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. அப்பா காலமான பிறகு அவளுக்கு மிச்சம் இருக்கும் ஒரே மாணவன் இவன்தான். இன்னும் பாஸாகவில்லை.

ஒரு நர்ஸைக் காதலித்தான். பதிவுத் திருமணத்துக்கு இரண்டு தடவை நாள் குறித்து, இரண்டு தடவையும் கோட்டை விட்டாயிற்று. காரணம், அம்மாவின் பல் வலி. ஒரு வருஷமாக இதே கதை. நினைத்தாற்போல் வரும், உடனே "வீட்டைப் பாத்துக்கோ" என்று இவனைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தெருக்கோடிப் பல் டாக்டரிடம் ஓடிவிடுவாள்.

"இந்தத் தடவையும் பல் வலின்னா, நீ உங்கம்மா பல்லையே கட்டிக்கோ. நான் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பறேன்" என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

ஆகவே, பட்டணத்துத் தலைமை அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு என்று ஒரு பொய்யைக் குளியலறையில் ஒத்திகை பார்த்து, கூடத்தில் வந்து ஒப்பித்தான்.

அம்மா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "அவ்வளவு பெரிய ஊர்ல உன்னைத் தனியா விட்டா தொலைஞ்சு போயிடுவே. நானும் வரேன். மீன் காட்சியகம் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை."

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். உலகத் தந்திரசாலி அல்லவா, அங்கேயே திட்டத்தை மாற்றினான். அம்மாவுக்கு மீன், தனக்குப் பெண்டாட்டி.

ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கல் மாதிரி இருந்த மிட்டாயைக் கடக் கடக்கென்று கடித்து நொறுக்கிக்கொண்டே வந்தாள். ஒரு பல்லும் முனகவில்லை. இன்று கடவுளும் தன் கட்சிதான் என்று தந்திரசாலி பூரித்துப் போனான்.

காட்சியக வாசலில் குரலைப் பாகாக்கிக்கொண்டு சொன்னான்: "வகுப்பு முடிய சாயங்காலம் ஆயிடும்மா. எங்கயும் போயிடாதீங்க."

"நான் எங்கடா போகப் போறேன்? நீ மெதுவாவே வா. நடுவுல போன் கீன் பண்ணாதே, மீன் எல்லாம் மிரளும்."

"சுறாத் தொட்டி பக்கம் ஜாக்கிரதைம்மா."

"அதை அதுகிட்டப் போய்ச் சொல்லு."

பேருந்து நிலையத்தில் நர்ஸ் காத்திருந்தாள். வரவேற்பெல்லாம் இல்லை. "பல் எப்படி இருக்கு?" என்றாள்.

"மிட்டாய் கடிக்குது."

"நடுவுல எழுந்து வந்துட்டாங்கன்னா?"

"சாயங்காலம் வரைக்கும் அசைய மாட்டாங்க. எங்கம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதா?" காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "அவங்ககிட்டப் பொய் சொல்லித் தப்பிச்ச ஒரே ஆள் நான்தான், தெரியுமா?"

"பெரிய சாதனைதான். நடையைக் கட்டு. சாட்சிக்கு வர்றவங்க அங்க வந்து நிக்கப் போறாங்க."

திருமணப் பதிவு அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. கூடம் நிறைய நாற்காலிகள், நாற்காலி நிறைய ஜோடிகள். மூச்சு வாங்கக் கதவைத் தள்ளியவன், தள்ளிய கையோடு நின்றுவிட்டான்.

முதல் வரிசையில், முதுகு வளையாமல், அம்மா.

பக்கத்தில், புத்தம் புதுக் கோட்டு சூட்டில், பல் டாக்டர்.

மோப்பம் பிடித்து வந்துவிட்டாள்! அதுவும் பல் டாக்டரோடு. மகனின் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அங்கேயே வேறு பல் கட்டிக் கூட்டிப்போக ஏற்பாடு போலிருக்கிறது. தலைமை ஆசிரியை எதையும் திட்டம் போட்டுத்தானே செய்வாள்!

அம்மாவும் அவனைப் பார்த்துவிட்டாள். சட்டென்று எழுந்தாள். முகம் செக்கச்செவேலென்று சிவந்தது. கோபத்தில் அம்மா சிவப்பதை முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறவன், இப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததே இல்லை.

"உங்கம்மாவா?" நர்ஸ் முழங்கையால் இடித்தாள். "இப்ப வாயைத் திறக்கறியா, நான் படியிறங்கட்டுமா?"

முன்னால் அம்மா, பின்னால் படிக்கட்டு. எப்படியும் சாகத்தான் போகிறோம் என்று தெரிந்ததும் அவனுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணிச்சல் வந்தது.

"அம்மா, அடிக்கறதுன்னா அடிங்க! நான் இவளைத்தான் கட்டிக்கப் போறேன். இன்னிக்கே! மறைச்சது தப்புதான். சொன்னா ஊரு என்ன சொல்லும், இந்த வயசுல உனக்கு என்ன அவசரம்னு கேப்பீங்கன்னு பயந்துட்டேன். ஆனா யார் என்ன சொன்னாலும் இனிமே நான் கேக்கறதா இல்லை!"

கூடமே திரும்பிப் பார்த்தது. பல் டாக்டர் டையைச் சரிசெய்துகொண்டு மெல்ல எழுந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

அம்மா நர்ஸை ஏற இறங்கப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"கத்தாம வரிசையில நில்லுடா. முதல்ல எங்க கல்யாணம் முடியட்டும்."