வாசல் கேள்வி

திங்கட்கிழமை முதல் வாசலில் கேள்வி கிடையாது என்று புது மேடம் அறிவித்தபோது, டிராயிங் சார் நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சை வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் கூட்டம் அது. பக்கத்து நாற்காலியிலிருந்த பி.டி. சார் அவரை முழங்கையால் இடித்தார். ஏதாவது சொல்லும் என்று அர்த்தம்.

பள்ளி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர் டிராயிங் சார் ஒருவர்தான்.

பள்ளிக்கே இன்னும் பால்பல் விழாத வயது. அதற்குள் அதற்கென்று ஒரு பழக்கம் வந்திருந்தது. தினமும் காலையில் பெரிய டீச்சர் வாசலில் நிற்பார். வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி.

"வழியில என்ன பார்த்தே?"

பிள்ளை பதில் சொல்லும். அதன் பிறகு பேரைச் சொல்லி, தலையைத் தடவி உள்ளே விடுவார்.

தையற்கடைக்காரர் தூங்கி வழிந்தது, மின்கம்பியில் மாட்டிய பட்டம், எதுவும் செல்லுபடியாகும். ஒரு வாண்டு நாள் தவறாமல் யானை பார்த்தேன் என்பான். நேற்று வந்த அதே யானையா என்று விசாரித்துவிட்டு அவனையும் விடுவார்.

ஆசிரியர்களுக்கும் விலக்கு இல்லை. பஸ்ஸில் தூங்கிவிட்ட நாட்களில் டிராயிங் சார் வாசலுக்குச் சற்று முன்னால் நின்று, அவசர அவசரமாக எதையாவது பார்த்து வைத்துக்கொள்வார்.

பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் மட்டும் பேர் மாறிப்போகும். மூக்கடைத்த பெண்ணை அவள் அண்ணன் பேர் சொல்லி அழைப்பார். வாசலே சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார். என்ன காலைகள் அவை.

பிள்ளைகளுக்குக் கவனிக்கச் சொல்லித்தரும் பள்ளி என்று பேர் பரவியது. வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் பள்ளிகளில் ஆரம்பித்தவர்கள்கூட உண்டு.

போன வருஷம் பெரிய டீச்சர் உடம்பு முடியவில்லை என்று தலைமையாசிரியைப் பொறுப்பிலிருந்து விலகினார். அதன் பிறகும் ஆசிரியர்கள் முறை வைத்து வாசலில் நின்று கேட்டுவந்தார்கள்.

புது மேடம் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், வரிசை தெருவரை நீள்கிறது, போன வாரம் ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு பையனின் பையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. அவர் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது.

"இதை எதுக்கு ஆரம்பிச்சாங்க சார்? சரியான காரணம் இருந்தா, வேற ஏற்பாடு பண்ணியாவது வெச்சுக்கலாம்."

காரணம் டிராயிங் சாருக்குத் தெரியும். அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் வாசல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் யாரிடமும் சொல்வதில்லை என்று பெரிய டீச்சருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பிள்ளைகள் கவனித்துப் பழகத்தான் என்று, ஊர் சொல்வதையே அவரும் சொன்னார்.

அதை வகுப்பிலேயே செய்யலாமே என்றார் புது மேடம். கூட்டம் கலைந்தது.

சாயங்காலம் டிராயிங் சாருக்கு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஏதோ தானே அந்த வாசலை இழுத்துச் சாத்தியதுபோல் இருந்தது. கால்கள் பெரிய டீச்சர் வீட்டுப் பக்கம் திரும்பின.

கதவு திறந்தே இருந்தது. பெரிய டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடி மேசைமேல் மடங்கிக் கிடந்தது. போட்டாலும் போடாவிட்டாலும் இனி ஒன்றுதான்.

காலடிச் சத்தம் கேட்டு அவர் முகம் திரும்பியது. வந்தவரை விட்டுவிட்டு, பக்கத்துச் சுவரைப் பார்த்துச் சிரித்தது.

"வழியில என்ன பார்த்தீங்க?"

டிராயிங் சார் சொல்ல ஆரம்பித்தார். பள்ளி வாசலைப் பார்த்தேன், அங்கே அந்த யானை வாண்டு மட்டும் அப்பாவுக்காகக் காத்து நின்றான் என்பதற்குள் குரல் கட்டிக்கொண்டது.

பெரிய டீச்சர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"பி.டி. சாரா? என்ன, சளியா?"

"சளிதான் டீச்சர்," என்றார் டிராயிங் சார்.