ஒரு கார்டு, ஊர்ப்பட்ட வேலை

"அந்தக் கார்டு எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பெயிண்டர்.

"வேலையா இருக்குங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

எட்டிப் பார்த்தார். கார்டு நிஜமாகவே வேலையாகத்தான் இருந்தது. மாவு பிசைந்த பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை அவள் அந்தக் கார்டால்தான் வழித்துக்கொண்டிருந்தாள். தங்க நிறத்தில் பூப்போட்ட கிஃப்ட் கார்டு. பெயிண்டருக்குச் சுருக்கென்றது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மனைவிக்கென்று கொடுத்த முதல் பரிசு அது. சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனிதர். கூலியை வாங்கியதும் அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் பிறந்த நாள், பரிசு என்பதெல்லாம் அவர் மண்டையில் ஏறாத சமாச்சாரம். போன பிறந்த நாளுக்குத்தான் என்ன ஞானோதயமோ, கடைவீதியிலிருக்கும் பெரிய கடைக்குப் போய் இந்தக் கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அரக்கு நிறக் கைப்பையை அவள் போகும்போதும் வரும்போதும் ஒரு நொடி நின்று பார்ப்பது அவருக்குத் தெரியும். "போய் வாங்கிக்கோ" என்றார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதமாயிற்று. பை வந்தபாடில்லை. கார்டுதான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். பாவாடையின் ஓரம் மடிக்க அளவு பார்ப்பது அந்தக் கார்டால்தான். எலாஸ்டிக் நாடா சிக்காமலிருக்க அதில்தான் சுற்றி வைப்பாள். காற்றடித்தால் படபடக்கிற ஜன்னலுக்கு அதுதான் முட்டு. ஒரு நாள் கதவு தானாகச் சாத்திக்கொண்டு இருவரும் வெளியே நின்றபோது, பர்ஸிலிருந்து அதை எடுத்து இடுக்கில் விட்டு ஒரே நெம்பில் திறந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகூட அதை இரவல் வாங்கிப் போயிருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

எப்போது கடைக்குக் கூப்பிட்டாலும் ஒரு சாக்கு. தலைவலிக்கிறது, மழை வரும்போலிருக்கிறது, தைக்க வேண்டியது மலைபோல் கிடக்கிறது. சாக்குக்கா பஞ்சம்?

"அதுல போட்டிருக்கிற ஆறு மாசக் கெடு நாளையோட முடியுது. அதுக்கப்புறம் அது செல்லாது, தெரியுமில்ல?" என்றார் பெயிண்டர்.

"தெரியும். பார்க்கலாங்க."

"நான் கொடுத்தது பிடிக்கலைன்னா சொல்லிடு. இத்தனை வருஷமா ஒண்ணுமே கொடுக்காதவன், இப்ப என்ன பெரிசாக் கொடுத்துக் கிழிச்சிட்டான்னு நினைக்கிறே. அதானே?"

அவள் முகம் வாடிப்போயிற்று. "அப்படியெல்லாம் பேசாதீங்க. இது மேல எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஆசைப்பட்ட லட்சணமா இது?"

கார்டைப் பிடுங்கிக் கழுவித் துடைத்தார். நானே போய் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினார். அவள் பதறிக்கொண்டு வாசல்வரை ஓடி வந்தாள். நாளைக்கு நானே போகிறேன், இப்போது வேண்டாம், வந்து ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நல்லவேளையாகக் கைப்பை இன்னும் விற்றுப்போகாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், கவுண்டரில் கம்பீரமாகக் கார்டை நீட்டினார். பில் போடும் பெண் மிஷினில் ஒரு தடவை தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

"சார், இதுல பணம் இல்லையே."

"ஒரு காசுகூட நாங்க செலவு பண்ணலையேம்மா."

"செலவு பண்ணலை சார், இதுல பணம் ஏத்தவே இல்லை. அங்கே தொங்குறதெல்லாம் வெறும் அட்டைதான். எங்ககிட்ட கொடுத்துப் பணம் கட்டினாத்தான் அதுக்கு உயிரே வரும்."

பெயிண்டருக்குக் கார்டு எடுத்த நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்திருந்தார். கையெல்லாம் பெயிண்ட். கார்டில் கறை பட்டுவிடக் கூடாதே என்று, விரல் நுனியால் எடுத்த கையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூடையிலிருந்த சோப்பையும் பல்பையும் மட்டும் கவுண்டரில் வைத்து, கேட்ட பணத்தைக் கொடுத்தார். பில்லைப் பார்க்கிற வழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது.

வெறும் அட்டையையா கொடுத்தோம்? அதை வைத்துக்கொண்டா அவளை அவ்வளவு பேச்சு பேசினோம்? அவருக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது. ஏதோ, அவள் கடைப்பக்கம் வராமல் இருந்தாளே, நாலு பேர் முன்னால் தலைகுனியாமல் தப்பித்தாளே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

அந்தப் பெண் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் 'என் மகாராணிக்கு' என்று அவர் தன் கைப்பட எழுதியிருந்தார். அவள் முகம் மலர்ந்தது.

"அட, அந்த அக்காவோட கார்டா? ஆறு மாசம் முந்தி, 'நேத்துதான் எங்க வீட்டுக்காரர் கொடுத்தார்'னு சொல்லிக்கிட்டே வந்தாங்க சார். இதே பையைத்தான் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாங்க. கார்டு காலின்னு சொன்னேன். பையை இருந்த இடத்துலயே வச்சாங்க. சரி, இதெதுக்குன்னு நான் கார்டைக் குப்பையில போடப் போனேன் பாருங்க, வெடுக்குன்னு பிடுங்கிட்டாங்க. 'உங்க கடையில செல்லலைன்னா என்னம்மா, எங்க வீட்டுல செல்லும்'னாங்க."