தீக்குள் வந்த அழைப்பு

விண்வெளி நிலையத்தில் நர்ஸ் வேலை பார்த்த குழல்மொழிக்கு, விடுப்பில் வீடு திரும்பும் பயணத்தில் மிகவும் பிடித்தது அந்த நாலு நிமிடம்தான். மணிக்கு இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கலம் காற்றுமண்டலத்துக்குள் பாயும்போது சுற்றிலும் தீ மூளும். அந்தத் தீயைத் தாண்டி எந்த அழைப்பும் உள்ளே வராது. நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள்.

அன்று சன்னலுக்கு வெளியே தீ கொழுந்துவிட்டு எரியும்போதே கைபேசி அடித்தது. கலத்தைப் புதுப்பித்துவிட்டார்களாம், இனி தீக்குள்ளும் பேசலாமாம்.

"குழலி, எங்க அக்கா ஒரு மாசம் நம்ம வீட்ல வந்து தங்குறேங்கிறாங்க. வரச் சொல்லட்டுமா?" என்றான் கணவன் அருள்மாறன்.

போன தடவை வந்த நாத்தனார் அஞ்சறைப் பெட்டியைக்கூட தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றிவிட்டுப் போனவர். குழல்மொழி வாயைக் குவித்து, "கர்ர்ர்... புஸ்ஸ்ஸ்..." என்று இரைச்சல் எழுப்பினாள். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அடடா, தீக்குள்ள போயிட்டியா? பரவால்ல, நீ என்ன வேண்டாம்னா சொல்லப்போற? இப்பவே வரச் சொல்லிடறேன்."

"ஏங்க, இருங்க, இருங்க" என்று பதறினாள்.

மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"என்ன, அதுக்குள்ள தீ அணைஞ்சிருச்சா?"