கொடிக்கயிறு

கேமராவின் தலையிலிருந்த சிறு சக்கரத்தை அவள் வீடியோவுக்குத் திருப்பினாள்.

உள்ளே கண்ணாடி எழும் ஓசை. கண் வைத்துப் பார்க்கும் துளை இருண்டது.

இனிப் பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். போட்டோ எடுக்கும்போது கேமரா முகத்தை மறைத்துக்கொள்ளும். வீடியோவில் அந்த மறைவு இல்லை.

ஊர் அவள் முகத்தைப் பார்த்தது.

அவளும் ஊரைப் பார்த்தாள்.

ஊராட்சி அலுவலக வாசல். குடியரசு நாள் காலை. கம்பத்தின் உச்சியில், பூவைப் பொதிந்து சுருட்டிக் கட்டிய கொடி. கயிற்றுக்குக் கை எட்டும் தொலைவில் துணைத் தலைவர் துரைக்கண்ணு.

அவருக்கு நாலடி தள்ளித் தலைவர் பவுனம்மாள்.

கேமரா பிடித்தவளின் அம்மா. காலனித் தெருவிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண்.

மூன்று ஆண்டுகளாக முறை ஒன்றுதான். கயிற்றைத் துரைக்கண்ணு இழுப்பார். கொடி விரியும். கை தட்டுவார்கள். எல்லாம் முடிந்த பிறகு கயிறு அம்மாவின் கைக்கு வரும். ஊராட்சிச் செயலர் செல்போனில் ஒரு போட்டோ எடுப்பார். தலைவரே கொடியேற்றினார் என்று அந்தப் போட்டோ ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும்.

படத்தில் அம்மா இருக்கிறாள். கையில் கயிறு இருக்கிறது. மேலே கொடி பறக்கிறது.

ஆயினும் அந்தப் படம் பொய்.

சென்ற ஆண்டுப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதற்குச் சாட்சி கிடைத்தது. பூவெல்லாம் தரையில் கிடந்தது. பூவின் மேல் செருப்புத் தடங்கள்.

கேமரா வாங்கப் போன அன்று கடைக்காரர் கேட்டார்.

"கல்யாண ஆர்டராம்மா?"

"இல்லண்ணா. கொடியேத்துறத எடுக்கணும்."

"அதுக்கு செல்போனே போதுமே!"

"கூட்டத்துல ஒரு மொகத்தப் புடிச்சா வுடக் கூடாது. வுழுற பூ தெளிவா நிக்கணும்."

அவரையே கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கவிட்டுச் சோதித்தாள். இரண்டு கேமராக்கள் அவர் முகத்தைத் தவறவிட்டன. மூன்றாவது விடவில்லை.

நேற்று மாலை வீட்டு வாசலில் சாமந்தி இதழ்களை அள்ளி அள்ளி வீசிப் பார்த்தாள். ஷட்டர் வேகம் ஐம்பதில் இதழ்கள் கோடுகளாய் இழுபட்டன. ஐந்நூறில் ஒவ்வோர் இதழும் தனித்து நின்றது.

ஐந்நூறிலேயே வைத்துக்கொண்டாள்.

துரைக்கண்ணு திரும்பினார்.

"ஏ பவுனு, தள்ளி நில்லு. ஒம் பொண்ணுகிட்ட சொல்லு, வீடியோல்லாம் வாணாம். அப்பறமா நீ கயித்தப் புடிக்கிறப்ப ஒரு போட்டோ எடுத்தா போதும்."

"படம் எப்பம்மா ரிலீசு?" பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரித்தார்கள்.

திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி முதலிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது.

"ரெக்கார்டு ஓடுதுங்க," என்றாள். "நீங்க பேசுனதும் இதுல இருக்கு."

சிரிப்பு நின்றது.

கயிற்றை நோக்கிப் போன துரைக்கண்ணுவின் கை பாதி வழியில் நின்றது. அவர் லென்சைப் பார்த்தார். கை இறங்கியது.

"தலைவரம்மா... நீங்க வாங்க."

மூன்று ஆண்டுகளில் வராத மரியாதை மூன்று நொடிகளில் வந்தது.

அம்மா நடந்தாள். நாலடிதான்.

அவள் அம்மாவின் முகத்தைத் திரையில் தொட்டாள். சதுரம் ஒன்று அந்தக் கறுத்த முகத்தைச் சூழ்ந்து, அதனோடு நகர்ந்தது.

அம்மா கயிற்றை இழுத்தாள்.

முடிச்சு அவிழவில்லை.

மறுபடியும் இழுத்தாள். கம்பம்தான் ஆடியது.

"பழக்கமில்லாத கை," என்றார் யாரோ.

துரைக்கண்ணு முன்னால் வந்தார். "குடு இங்க."

அம்மாவிடம் ஓட அவள் கால்கள் துடித்தன. ஓடினால் படம் ஆடும். முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அம்மா கயிற்றை விடவில்லை.

"நில்லுங்க. ஊர்க் கெணத்துப் பக்கம் எங்கள வுடல. எங்க கெணறு அத வுட ஆழம். நாப்பது வருசம் கயிறு இழுத்த கை இது."

அவர் நின்றார்.

அம்மா கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வலக்காலை ஊன்றினாள். வாளி நிறைந்து ஏறும்போது இழுப்பாளே, அப்படி இழுத்தாள்.

கைதட்டல் முதலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததென்று தெரியவில்லை. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

கூட்டம் கலைந்ததும் செயலர் செல்போனோடு வந்தார்.

"ஆபீசுக்கு ஒரு போட்டோ அனுப்பணுமே. தலைவரம்மா, கயித்த இன்னொரு வாட்டி புடிச்சு நில்லுங்க."

அம்மா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு சிவப்பாய் ஒரு வரி எழுதியிருந்தது.

"இன்னொரு வாட்டி எதுக்கு?" என்றாள்.

மகள் வீடியோவை ஓட்டினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். திரையைச் செயலர் பக்கம் திருப்பினாள்.

அவர் குனிந்தார்.

பாதி விரிந்த கொடி. அம்மாவின் பிடியில் விறைத்த கயிறு. பின்னால், வெறுங்கையோடு துரைக்கண்ணு.

எந்தப் பூவும் இன்னும் தரையைத் தொடவில்லை.