இரண்டாம் பருவப் பாடம்

போதகர் ஜெபிக்கக் கையை நீட்டினார். அப்பா தலையை நகர்த்திக்கொண்டார்.

"வேண்டாம் ஐயா. எம் மவ ஒத்துக்கிட மாட்டா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடப்பவரின் சிரிப்பு யாரிடமும் வந்து சேர்வதில்லை. நேராக மின்விசிறிக்குப் போய்விடுகிறது.

அம்மா, அத்தை, போதகர், மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பி.ஏ. தத்துவம், மூன்றாம் ஆண்டு.

நர்ஸுக்கு அது தெரியாது. அதனால் அவர் மட்டும் அவளைச் சாதாரணமாகப் பார்த்தார்.

"நர்ஸிங்குக்கு அனுப்புண்ணேன்னு அன்னைக்கே தலபாடா அடிச்சேன்," என்றாள் அத்தை, சுவரிடம்.

எல்லாம் பாடத்திட்டத்தின் வேலை. கடவுளுக்கு எதிரான வாதங்களை முதல் ஆண்டின் முதல் பருவத்தில் வைத்திருந்தார்கள். அவற்றுக்கான பதில்களை இரண்டாம் பருவத்தில். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறை.

அவள் பாதிப் பாடத்தோடு ஊருக்கு வந்தாள்.

வாதம் என்றால் உதாரணம் வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அன்று குடும்ப ஜெபத்தில் அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர்களுடைய பிள்ளை குளத்தில் விழுந்து இறந்திருந்தது.

உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"கடவுள் பாத்துக்கிட்டுதானப்பா இருந்தாரு? தடுக்க முடியலன்னா சர்வ வல்லவர் இல்ல. மனசில்லன்னா நல்லவர் இல்ல. எது வேணுமோ நீங்களே எடுத்துக்கிடுங்க."

கடைசி வாக்கியம் பாடத்தில் இல்லை. அவள் சொந்தமாகச் சேர்த்தது.

அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பழுது என்று தெரிந்த வண்டியை ரோட்டுக்கு விடமாட்டார். யார் கத்தினாலும் விடமாட்டார். பல நாள் யோசித்தார். பதில் கிடைக்கவில்லை.

ஜெபத்தை ஷெட்டிலேயே நிறுத்திவிட்டார்.

ஞாயிறுதோறும் அம்மாவை மொபெட்டில் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பாராம். அம்மா போனில் சொன்னாள். அதை அவள் விடுதியில் ஒரு நகைச்சுவையாகச் சொன்னாள். நல்ல சிரிப்பு கிடைத்தது.

இரண்டாம் பருவத்தில் பதில்கள் வந்தன. படித்தாள். தேர்வில் எழுதினாள்.

ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா கேட்பார். "அதுக்குப் பதில் ஏதும் கெடச்சுதாட்டி?"

"இல்லப்பா."

ஜெயித்த ஆட்டத்தைத் திரும்ப ஆட யாருக்கு மனம் வரும்?

இன்று இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள்.

பல் பிடுங்கப் போனாலும் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொல்லிவிட்டுப் போகிறவர். இப்போது சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்திருந்தார்.

அவள் குனிந்தாள்.

"எல்லாத்துக்கும் ஒரு காரணம் உண்டும்லாப்பா? அப்ப மொத காரணம்னு ஒண்ணு..."

"அதுக்குக் காரணம் யாருன்னு நீதானட்டி கேட்ட?"

கேட்டிருந்தாள்.

"சரி, இந்த ஒடம்ப எடுத்துக்கிடுங்க. எம்புட்டு நுணுக்கம். இத செஞ்சவருன்னு ஒருத்தர்..."

"அவருதான் இந்த வால்வையும் மாட்டியிருக்காரு."

நர்ஸ் சிரித்துவிட்டார்.

"அவரு இருந்தா லாபம். இல்லாட்டி நட்டம் ஒண்ணுமில்ல. ஒரே ஒரு தடவ ஜெபிச்சிட்டுப் போங்களேன்."

"அது ஏவாரம்லா."

அப்பா இவ்வளவு நன்றாக வாதாடுவார் என்று அவளுக்குத் தெரியாது. எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. ஒரு மாணவர்தான் அவளுக்கு வாய்த்தார். அவரும் முதல் வகுப்பில் தேறிவிட்டார்.

ஆஸ்பத்திரி ஊழியர் வந்து ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் பிரேக்கைக் காலால் விடுவித்தார்.

"நான் சொன்னது தப்புப்பா."

அப்பா சட்டென்று தலையைத் திருப்பினார்.

"எந்த எடத்துல?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். கண்ணில் ஓர் ஆசை இருந்தது.

"எந்த எடத்துல தப்பு? சொல்லு மக்களே."

பக்கம் பக்கமாகப் பதில் தெரியும் அவளுக்கு. அதில் ஒன்றுகூட அந்தக் குளத்தங்கரை வரை வராது என்பதும் தெரியும்.

"அந்த வாதத்தோட ரெண்டாவது படியில," என்றாள். "அதுல ஒரு ஓட்ட இருக்கு. இப்பதான் கண்டுபிடிச்சிருக்காங்க. நீங்க வெளிய வந்ததும் வெவரமா சொல்லுதேன்."

அப்பா, ஓடுகிற இன்ஜினுக்குக் காது கொடுப்பவரைப் போல அவளையே கவனித்தார்.

பிறகு கம்பியை விட்டார்.

"ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கில்ல," என்றார் அப்பா. "பிள்ளைக்கு. ரொம்பப் பயந்து கெடக்கா."

போதகரின் கை அவள் தலைமேல் வந்து இறங்கியது. கனமாக இருந்தது. எல்லோரும் கண்களை மூடினார்கள். ஊழியர்கூட.

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

அப்பா மூடியிருக்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்றாள்.

போதகர் இன்னும் முடித்திருக்கவில்லை.