மீன் ஏறிய பஸ்

"அசையாம இரி மக்கா. ஒரு கல்லையும் தொட்டுராத!"

கற்களுக்கு நடுவே ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் சந்து இருந்தது. அதில் வாயை வைத்துக் கத்தினான் வைகுண்டராஜன். அந்தப் பக்கம் அவனுடைய எட்டு வயது மகள் ஷைஜா.

ஒரு வாரமாக விடாத மழை. வீட்டுக்குப் பின்னால், ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புரைக் கொட்டகை ஒழுகுகிறதா என்று பார்க்க அப்பாவும் மகளுமாகத்தான் வந்தார்கள். பெரிய சத்தத்தோடு சுவர் சரிந்தது. இரைச்சல் அடங்கியபோது இருவருக்கும் நடுவில் கல்லும் மண்ணும் ஓடும் குவிந்து கிடந்தன.

கடைக்கார ஞானதாசனுக்குப் போன் போயிருந்தது. தீயணைப்பு வண்டியைக் கூட்டிக்கொண்டு அவர் கிளம்பியும்விட்டார். ஆனால் பேச்சிப்பாறை ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறதாம், அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் வர முடியும். மனைவி சுனிதா நாகர்கோவிலில், ஆஸ்பத்திரி டூட்டியில். மலைச் சரிவில் தனியாக நிற்கும் வீடு, கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லை.

"ஷைஜா, நான் பேசுகது கேக்குதா?"

"ம்."

"அடி ஒண்ணும் படலயே?"

"இல்ல."

"மழ விட்டுச்சா?"

"இல்ல."

"பயமா இருக்கா மக்கா?"

அவள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரல் நின்றுபோனால் எல்லாம் முடிந்தது என்று அவனுக்குப் பட்டது. ஆனால் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளையை எப்படிப் பேச வைப்பது?

அவளை அப்படி ஆக்கியதே அவன்தான். பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியார். கோடு மயிரிழை விலகினாலும் தாளைக் கிழித்துப் போட்டு, முதலிலிருந்து வரையச் சொல்வான். வீட்டிலும் அதே வழக்கம்தான்.

"நம்ம கெணத்துல ஒரு ஆன இருக்குப்பா. அதுதான் தும்பிக்கையால மோட்டாருக்குத் தண்ணி தள்ளுது" என்று ஒருநாள் சொன்னாள் ஷைஜா. "பொய் சொல்லப்பிடாது. கண்டதச் சொல்லு, சரியாச் சொல்லு" என்றான் அவன். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் பாதியில் நிறுத்தித் திருத்தினான். கொஞ்ச நாளில் கதையளப்பது நின்றது. பிள்ளை சரியாகிவிட்டாள் என்று சுனிதாவிடம் பெருமையாகக்கூடச் சொன்னான்.

"மக்கா, ஒரு கத சொல்லு."

சன்னமாகக் குரல் வந்தது. "கதன்னா பொய்யில்லியாப்பா?"

"பொய்யே சொல்லு மக்ளே. எவ்வளவு வேணும்னாலும் சொல்லு."

"டேம்ல ஒரு மீனு இருந்துச்சு. அதுக்கு ஒருநாள் பஸ்ல ஏறணும்னு ஆச வந்து…"

"மீனு எப்பிடிட்டி பஸ்ல ஏறும்? தண்ணியில்லாம…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. மேலே எங்கோ ஒரு கல் நழுவி, மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஷைஜா! மக்கா! அப்பா தெரியாமச் சொல்லிட்டேன். மீனு ஏறும், கண்டிப்பா ஏறும். சொல்லு மக்கா, எந்த ஸ்டாப்புல எறங்குச்சு? ஷைஜா!"

ஒன்றுமில்லை. அவன் விரல்களைச் சந்துக்குள் நுழைத்துத் துழாவினான். எதுவும் தட்டுப்படவில்லை. வாய்விட்டு அழுதான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை பேசமாட்டாளா?

"…வடசேரில."

"வடசேரியா? பெறவு?"

பெறவு என்று மகளிடம் அவன் அதுவரை கேட்டதே இல்லை. அவளுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"கண்டக்டரு சண்டைக்கு வந்தாரு. 'சீட்டெல்லாம் நனையுது, எந்திரி'ன்னாரு. மீனு சொல்லிச்சு, 'நான் குட வாங்கத்தான் போறேன், வாங்கிட்டா நனைய மாட்டேன்'னு."

"மீனுக்கு எதுக்கு மக்கா குட?"

"டேம்ல மழ பெய்யும்போது அதுக்கும் நனையும்லாப்பா. ஒருத்தரும் அத நெனைக்கவே மாட்டாவ."

வைகுண்டராஜன் சிரித்தான். சிரித்தபோது நெஞ்சு வலித்தது. இத்தனை அழகான ஒன்றை அவன் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

"பெறவு?"

குடைக் கடைக்காரர் மீனுக்குக் கை இல்லையே என்று யோசித்தார். வாலில் கட்டிக்கொள்ளும்படி ஒரு குடை தைத்துக் கொடுத்தார். ஷைஜாவின் குரல் மெல்ல மெல்ல ஏறியது. குடை விரித்த மீனைப் பார்த்து டேமில் இருந்த மற்ற மீன்களும் வரிசையாக பஸ் ஏறின. வழியில் ஒரு தவளை டிரைவர் வேலைக்கு வந்தது.

"பெறவு…?" அவன் குரல்தான் தேய்ந்துகொண்டே போனது. கண்ணுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அவளை நிறுத்த விடக் கூடாது என்ற நினைப்பு மட்டும் அறுந்து போகவில்லை.

கீழே ரோட்டில் வண்டிச் சத்தம். பூட்ஸ் கால்கள் சேற்றில் சளக் சளக்கென்று ஓடி வந்தன. கூடவே, "இங்கதான், இங்கதான்" என்று ஞானதாசனின் குரல்.

யாரோ டார்ச் அடித்துப் பார்த்தார். "உத்தரம் தாங்கி நிக்குது. பதனமா எடுத்துரலாம்."

இன்னொருவர், "தள்ளி வா பாப்பா, கல்லு உருளும்" என்று ஷைஜாவின் தோளைப் பிடித்து இழுத்தார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த அவள், அந்தக் கையை உதறிவிட்டு மறுபடியும் சந்தில் வாயை வைத்தாள்.

"நான் கதைய நிறுத்துனா, கல்லுக்கு அடியில கெடக்குற அப்பா தூங்கிருவாவ, மாமா."