விரலை விழுங்கிய விமானம்

பழைய ராணுவ விமானத்தளத்தை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். அங்கே விமானங்களே வாய் திறந்து தங்கள் கதையைச் சொல்லின. ஒருகாலத்தில் அந்தத் தளத்தில் கூலிவேலை பார்த்த சவரிமுத்துவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பேசுகிற தகரத்தை எவன் நம்புவான்? ஆனாலும், நாற்பது வருசமாகச் சொல்லிவந்ததை மகள் பிலோமிக்கு ஒருதடவையாவது நேரில் காட்டியாக வேண்டும்.

மூன்றாவது விமானத்தின் அடியில் குனிந்து சக்கரக் கதவைத் தட்டினார்.

“ஏட்டி, இந்த இடுக்குலதான் இந்தச் சவரிமுத்து சுண்டுவிரல் போச்சு. கதவு சிக்கிக்கிட்டு, நான்தான் கைய விட்டு இழுத்தேன்.”

“மன்னிக்கவும் ஐயா,” என்றது விமானம். “என் பதிவேட்டில் அப்படியொரு விபத்து இல்லை. உங்கள் பெயரும் இல்லை.”

“கூலிக்காரன் பேர எந்த ஆபீசர் நோட்டுல எழுதுனான்? ரத்தத்தத் தொடச்சிட்டு அன்னைக்கே உன்னையப் பறக்க விட்டானுவ. பொய்யா சொல்லுத, வெக்கங்கெட்ட தகரமே!”

“உங்கள் உணர்வை மதிக்கிறேன் ஐயா.”

சவரிமுத்து கையை அதன் மூக்குக்கு நேரே நீட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிலோமி அந்த நாலு விரலையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அப்பாவை விட்டுவிட்டு விமானத்தின் பக்கம் திரும்பினாள்.

“அப்போ இவருக்கு விரல் எப்படிங்க போச்சு?”